எனக்கு ஒரு வாடையும் தெரியல

அண்ணே, அந்த ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. முழுசாத் தள்ளுங்க. வெயில் அடிச்சா அடிச்சுட்டுப் போகுது, காத்து வந்தாப் போதும். நீங்க எதுவரைக்கும்? தென்காசியா? அப்ப எனக்கு முன்னாடி எறங்கமாட்டீங்க. நான் புளியங்குடி. இந்த வண்டி ராஜபாளையத்துல சாப்பாட்டுக்கு நிக்குமா? நிக்கக் கூடாதுண்ணே. நின்னா நேரமாகும். நான் வெரசாப் போகணும்.

என் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போறேன். சண்டையெல்லாம் இல்ல. ஒரு சண்டையும் கிடையாது. எங்க வில்லாபுரத்துல வந்து கேட்டுப் பாருங்க, சோலைமலை அவன் சம்சாரத்தை ஒரு அடி அடிச்சிருப்பானா, ஒரு கெட்ட வார்த்தை பேசியிருப்பானாண்டு. ஆனா அவ அடைமழையில போனவ. தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு, இந்தா பங்குனியே வந்துருச்சு. அக்கா வீட்டுக்குப் போனவ அங்கிட்டே உக்காந்துக்கிட்டா. கேட்டா, மூச்சாம். அங்கதான் மூச்சு வருதாம். ஏண்ணே, காத்துண்டா எல்லா ஊருக்கும் ஒரே காத்துதான? மதுரைக்கு ஒரு காத்து, புளியங்குடிக்கு ஒரு காத்தா?

ஒண்ணுமில்ல, இருமல்தான். சளி. பஸ் தூசி வேற.

என் தொழிலு பினாயில். பினாயில், ஆசிட்டு, சோப்பாயில், ப்ளீச்சிங் பவுடரு. கம்பெனிச் சரக்கு இல்ல, நானே கலக்குறது. மொதல்ல சைக்கிள்ல பெட்டி கட்டி வித்தேன். அப்புறம் மொபெட்டு. இப்ப சொந்தமா லோடு ஆட்டோ. வில்லாபுரம், அவனியாபுரம், ஜெய்ஹிந்துபுரம், அங்கிட்டு திருப்பரங்குன்றம் வரைக்கும் பினாயில் சோலைமலைண்டா தெரியாத வீடு கிடையாது. என் சரக்குல ஒருக்கா கக்கூஸ் கழுவுனா கண்ணுல தண்ணி வந்துரும்ணே, அம்புட்டு சுருக்கு. கடைச் சரக்கெல்லாம் வெறும் வாசம். மருந்துண்டா மூக்குல ஏறணும். ஏறுனாத்தான் ஜனங்களுக்கும் திருப்தி. "சோலைமலை, போன தடவை குடுத்தது சுருக்குனு இல்லையேப்பா"ண்டு கேட்டு வாங்குவாங்க.

இந்தத் தொழிலு நிமிந்து நின்னதே அவளாலதான். செண்பகவல்லி. செண்பகம்ண்டு கூப்புடுவேன். நல்ல குரலுண்ணே அவளுக்கு. ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டுனப்ப, என் குரலைப் பதிஞ்சு போட்டா கோழிக்காரன் மாதிரி இருக்குண்டு எல்லாரும் சிரிச்சாங்க. அவளை ரெண்டு வரி பேசச் சொன்னேன். "அம்மா... பினாயில், ஆசிட், சோப்பாயில் வந்துருக்கு, வெளிய வாங்கம்மா..." அம்புட்டுத்தான். பக்கத்து வீட்டுல இருந்து பேர் சொல்லிக் கூப்புட்ட மாதிரி இருக்கும். பொம்பளைங்க சட்டியை அடுப்புல வச்சுட்டு வெளிய வந்துருவாங்க. இன்னைக்கும் அதே பதிவுதான் ஓடுது. ஆளு புளியங்குடியில, குரலு வில்லாபுரத்துல. சில சமயம் நானே நிப்பாட்டிருவேன். காது வலிக்குதுண்டு.

திருமங்கலம் தாண்டியாச்சா? டோல்கேட்டுல இம்புட்டு நேரம் நிப்பாட்டுறானே.

எங்களுக்குப் பிள்ளை இல்லண்ணே. நான், அவ, ரெண்டு ரூம்பு வீடு. முன்ரூம்புல நாங்க இருப்போம், பின்ரூம்புல சரக்கு இருக்கும். நான் காலையில லோடு ஏத்திட்டுப் போயிட்டா இருட்டுற நேரத்துலதான் திரும்புவேன். நாள் பூராம் வெயில்ல அலைச்சல். அவளுக்கு அந்த அலைச்சல் கிடையாது. நிழல்ல உக்காந்து செய்யிற வேலை. டிரம்முல தண்ணி விட்டுப் பினாயில் மருந்தைக் கலக்கணும். ஆசிட்டை புனல் வச்சுப் பாட்டில்ல ஊத்தணும். ப்ளீச்சிங் பவுடரை மூட்டையில இருந்து அள்ளிப் பாக்கெட் போடணும். வெளிய பொடி பறக்கக் கூடாதுண்டு கதவைச் சாத்திக்கிட்டு செய்யச் சொல்லுவேன். தெருக்காரங்க வேற சண்டைக்கு வருவாங்க, வாடை வருதுண்டு. எனக்கு ஒரு வாடையும் தெரியல. இத்தனை வருசமாச்சு, ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. உங்களுக்குத் தெரியுதா இப்ப? எங்கிட்ட இருந்தா? குளிச்சுட்டுத்தான வந்தேன்... சரி விடுங்க.

மொதல்ல சின்ன இருமலாத்தான் வந்துச்சு. போன ஆடியில. நான் தயிரை நிறுத்தச் சொன்னேன். நிறுத்துனா. தலைக்குத் தண்ணி ஊத்தாதேண்டேன். ஊத்தல. மல்லிகைப்பூ குளிர்ச்சி, வைக்காதேண்டேன். அதையும் விட்டா. எதிர்வீட்டுக்காரன் சாயந்தரமானா சாம்பிராணி போடுவான், அவங்கூடப் போயிச் சண்டை போட்டேன். எல்லாம் பாத்துட்டேண்ணே, ஒண்ணும் கேக்கல. ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேசுனா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கெடக்குற மாதிரி ஒரு சத்தம். குடத்தைத் தூக்கிட்டு வாசப்படி ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவை எறக்கி வைப்பா.

நான் பாக்காம விடலண்ணே. எங்க ஏரியாவுலயே ஒரு டாக்டரு, நெஞ்சு பாக்கிறவரு, அவருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். கொழாய வச்சுப் பாத்துட்டு, "இவங்க என்ன வேலை பாக்கிறாங்க?"ண்டு கேட்டாரு.

"வேலையெல்லாம் ஒண்ணுமில்ல சார். வீட்டுல சும்மாதான் இருக்கா"ண்டேன்.

அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. எதுக்கு அப்புடிப் பாத்தாண்டு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. அவளும் வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லல. டாக்டரு மாத்திரை எழுதிக் குடுத்துட்டு, "தூசி ஒத்துக்கல போல. வீட்டை சுத்தமா வச்சுக்கங்க"ண்டாரு.

அதை எனக்குச் சொல்லணுமாண்ணே? பினாயில்காரன் வீடு! அன்னையில இருந்து காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா, தண்ணி கலக்காத பினாயிலை ஊத்தி வீட்டைத் துடைக்கச் சொன்னேன். அவளும் துடைச்சா. துடைக்கத் துடைக்க இருமல் கூடுது. அப்ப சீக்கு எம்புட்டுப் பெருசுண்டு பாத்துக்கங்க. நான் விடுவேனா? ஒரு ஈ எறும்பு கெடையாது எங்க வீட்டுல. ஒரு பல்லி கெடையாது. கூரையில குருவி வந்து உக்காந்துக்கிட்டு இருக்கும், அதுவும் வாரதில்ல. அம்புட்டு சுத்தம்.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய். ...ஆங், போதும்.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்துச்சு. ஐப்பசி மழை. பின்ரூம்புல தகரம் ஒழுகுது, சாரலும் அடிக்குது, அதனால ஜன்னலுக்கெல்லாம் சாக்கு அடைச்சு வச்சிருந்தேன். ஒரு கல்யாண மண்டபத்துல இருந்து பெரிய ஆர்டரு. சரக்கு கலக்க டிரம்மு பத்தல. ப்ளீச்சிங் பவுடர் வச்சிருந்த டிரம்மு ஒண்ணு காலியா கெடந்துச்சு, அடியில பவுடரு கல்லு மாதிரி ஒட்டிப்போயி. நான் வண்டியை எடுக்குறப்ப சொன்னேன், "செண்பகம், அந்த டிரம்முல ஆசிட்டை ஊத்திக் கழுவி வையி, பளிச்சுனு ஆயிரும்"ண்டு. கொஞ்சமா ஊத்துறதுக்கு ஒரு அளவு தெரியவேணாமா? நெறைய ஊத்திட்டா போல. பொம்பளைங்களுக்கு எதையும் பாத்துச் செய்யத் தெரியாதுண்ணே.

புகை கிளம்பிருச்சு. பச்சையும் மஞ்சளுமா புகைண்டு பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்கா சொன்னாங்க. அவங்க தையல் தைக்கிறவங்க, வாசல்ல உக்காந்து காஜா எடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க. என்னமோ டொப்புனு சத்தம் கேட்டு திரும்பிப் பாத்தா, செண்பகம் கதவைத் தள்ளிக்கிட்டு வந்து வாசல் தண்ணியில விழுந்துட்டா. கத்தக்கூட முடியல. வாயைத் தொறந்து தொறந்து மூடுறா, சத்தம் வரல. மீனைக் கரையில போட்டா அடிச்சுக்குமே, அப்புடியாம். ஜைத்தூன் அக்காதான் அவங்க துப்பட்டியை நனைச்சு முகத்துல போட்டு, இழுத்துட்டுப் போயி மழையில உக்காத்தி வச்சு, ஆட்டோ பிடிச்சு, எல்லாம் பாத்தது.

எனக்கு போன் மேல போன் அடிச்சிருக்காங்க. நான் எடுக்கல. இதைத்தான் எங்க மதினி, அவ அக்கா கோமதி, இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாங்க. எப்புடிண்ணே எடுக்க முடியும்? நான் அவனியாபுரத்துல ஒரு சந்துக்குள்ள நின்னு வித்துக்கிட்டு இருக்கேன். தலைக்கு மேல ஸ்பீக்கர் அலறுது. அவ குரலுதான். "வெளிய வாங்கம்மா, வெளிய வாங்கம்மா"ண்டு. அந்தச் சத்தத்துல சட்டைப்பையில கெடக்குற போனு கேக்குமா? நீங்களே நியாயம் சொல்லுங்க.

நீங்க என்ன ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறீங்க? சரி, கேட்டுக்கிட்டாவது வாங்க. பேசிக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு வழி போகுது.

பெரியாசுபத்திரியில மூக்குல குழாயைப் போட்டுப் படுக்க வச்சிருந்தாங்க. நான் போயி நின்னேன். கண்ணு ரெண்டும் ரத்தச்செவப்பு. என்னையப் பாத்தா, திரும்பிக்கிட்டா. அந்த வார்டுல ஒரு பொம்பளை டாக்டரு. சின்ன வயசு. அவங்க என்கிட்ட ஒண்ணுமே கேக்கல, அவகிட்டயே கேட்டாங்க. "என்னம்மா வேலை செய்றீங்க?"ண்டு. இவ அந்தக் குழாயோட, மூச்சுக்கு ஒரு வார்த்தையா, எல்லாத்தையும் சொல்லிட்டா. ஆசிட்டு... ஊத்துவேன்... பவுடரு... பாக்கெட்டு போடுவேன்... கதவைச் சாத்திக்கிட்டு... வருசக்கணக்கா... அந்த டாக்டரம்மா அப்புறம்தான் என் பக்கம் திரும்புனாங்க.

"ப்ளீச்சிங் பவுடர்ல ஆசிட் பட்டா என்ன வாயு வரும்ண்டு உங்களுக்குத் தெரியுமா? இன்னும் ரெண்டு நிமிசம் உள்ள இருந்திருந்தா இவங்க இல்ல"ண்டாங்க.

"பட்டதுக்கு நான் என்ன மேடம் பண்ண முடியும்"ண்டேன்.

"இது ஒரு நாள்ல வந்தது இல்ல. நுரையீரல் ரொம்ப நாளாவே வீங்கிப் போயிருக்கு. இனிமே அந்த வீட்டுக் காத்து இவங்களுக்கு ஆகாது. நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கங்க"ண்டாங்க.

எனக்கு எதுக்குண்ணே டெஸ்ட்டு? நானும் அதே மருந்துலதான கெடக்கேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே? நாள் பூராம் ரோட்டுல நிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகல, வீட்டுக்குள்ள உக்காந்திருந்தவளுக்கு எப்புடி ஆகும்? அவ உடம்பு வாகு அப்புடிண்டுதான் நான் சொன்னேன். எடுத்துக்கல. வந்துட்டேன்.

மதினி மறுநாளே பஸ் ஏறி வந்துட்டாங்க. வந்தவங்க வீட்டுக்குள்ள ஒரு எட்டு வச்சாங்க, அம்புட்டுத்தான், சேலையால மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிட்டாங்க. "இதுக்குள்ளயா தம்பி எந்தங்கச்சிய வச்சிருந்திய? மாட்டைக்கூட இப்பிடிக் கட்டமாட்டாவளே"ண்டு தெருவே பாக்க ஒரே சத்தம். பொம்பளைகிட்ட என்ன பேசுறது? ஆசுபத்திரியில இருந்து நேரா புளியங்குடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. "ஒரு மாசம் இருக்கட்டும்"ண்டாங்க. அந்த மாசம்தான் இன்னும் முடியல.

ஸ்ரீவில்லிபுத்தூரு கோபுரம் தெரியுது பாருங்க. இன்னும் எம்புட்டு நேரமாகும்? டிரைவர் ஏன் உருட்டிக்கிட்டு போறாரு?

அவ போனப்புறம் நானே பாட்டில் ஊத்துறேன், நானே பாக்கெட் போடுறேன், நானே விக்கிறேன். காலையில சரக்கு, மத்தியானம் ரோடு. ஒத்தையில சமைச்சு ஒத்தையில சாப்பாடு. சாப்பாட்டுலயும் ருசி தெரியமாட்டேங்குது. அந்தப் பின்ரூம்புல வேலை பாத்தா தலை கிர்ருனு சுத்துது. ஒத்த ஆளா செய்றம்ல, அந்த அசதி. அப்புறம் இந்தச் சளி வேற மார்கழியில பிடிச்சது, விடமாட்டேங்குது. பனி. இந்த வருசம் பனி சாஸ்தி. இப்பப் பங்குனிண்டு சொல்லுவீங்க. பனி உள்ள எறங்குனா லேசுல போகாதுண்ணே. அதான் இப்ப கதவைத் தொறந்து போட்டு, வாசல்ல வச்சே பாக்கெட் போடுறேன். காத்தாட இருக்கட்டும்ண்டு. தெருக்காரங்க சண்டைக்கு வாராங்க. வந்துட்டுப் போகட்டும். ஜைத்தூன் அக்கா மட்டும் ஒண்ணும் சொல்றதில்ல. தையல் மெசினை உள்ள தூக்கிட்டுப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

தை மாசம் நான் ஒரு தடவை புளியங்குடிக்குப் போனேன். சொல்லாமப் போனேன். என் சகலை எலுமிச்சை கமிஷன் கடையில லோடு பாக்கிறவரு. புளியங்குடிதான் எலுமிச்சைக்குப் பேர்போன ஊராச்சே. வீட்டு மாடியில இருந்து சிரிப்புச் சத்தம் வருது. நிமிந்து பாத்தா என் பொண்டாட்டி. எலுமிச்சைத் தோலைப் பரப்பிக் காயப் போட்டுக்கிட்டு மதினிகூடப் பேசிக்கிட்டு இருக்கா. என்னையப் பாத்ததும் இடுப்புல ஒரு குடத்தை வச்சுக்கிட்டு மாடிப்படி எறங்கி வாரா. எறங்கி வந்து, தண்ணி மோந்து, அந்தக் குடத்தோட திரும்ப ஏறுறா. ஏறிக்கிட்டே என்கூடப் பேசுறா. "எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களா, ஏன் இப்படிக் கறுத்துப் போயிட்டீங்க"ண்டு. நிக்கல. சுவத்தைப் பிடிக்கல. நான் கீழயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஏண்ணே, எங்க வீட்டுல வாசப்படி ஏற முடியாதவ, அங்க மாடிப்படி ஏறுறாளே. அப்ப எங்க வீட்டுல நடிச்சாளாண்டு எனக்கு ஒரு நிமிசம் தோணிருச்சு. சாமி சத்தியமா அப்புடித்தான் தோணுச்சு.

அதையாச்சும் விடுங்க. அவ என்ன செய்றா தெரியுமா அங்க? தொழிலு! என் தொழிலு! கமிஷன் கடையில கழிச்சுப் போட்ட எலுமிச்சம்பழத்தை அள்ளிட்டு வந்து, தோலை வெல்லத்தோட ஊறப் போட்டு வைக்கிறது. பூந்திக்கொட்டையைக் கொதிக்க வச்சு, கரைச்சு வடிகட்டி பாட்டில்ல ஊத்துறது. தரை துடைக்க ஒண்ணு, பாத்திரம் விளக்க ஒண்ணு. அங்க மகளிர் குழுவுல சொல்லிக் குடுத்தாங்களாம். பாட்டில்ல ஊத்துற வேலைதான் இவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வருமே. அந்த ஊரு சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல அதைத்தான் வாங்குறாங்களாம்.

நான் மோந்து பாத்தேன். எலுமிச்சை வாசம் லேசா. அம்புட்டுத்தான். மூக்குல ஒண்ணும் ஏறல. நுரையும் கம்மி. தரையில ஊத்தி ஊறவிட்டு, தேங்காநாரு வச்சுத் தேய்க்கணுமாம்.

"இதுல கிருமி சாகுமா செண்பகம்?"ண்டு கேட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன்.

அவ கையைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னா, "கிருமி சாகுறது இருக்கட்டும்ங்க. நான் சாகலையே."

மதினி அடுப்பங்கரையில இருந்து எட்டிப் பாத்தாங்க. அவளே அப்புறம் சொன்னா, "அழுக்கு போகும். வீட்டுத் தரைக்கு அது போதும். கக்கூஸுக்கு இங்கயும் ப்ளீச்சிங் பவுடர்தான் போடுறோம். ஆனா கதவைத் தொறந்து வச்சு, கொஞ்சமா, வேற எதையும் அதுல கலக்காம. உங்களுக்கு எல்லாத்துக்கும் எரியணும்ங்க. எரிஞ்சாத்தான் சுத்தம்ண்டு யாரு சொன்னா?"

யாரு சொன்னா? ஊரே சொல்லுதே. வாங்குற ஜனங்க சொல்றாங்களே.

சரி, பொண்டாட்டிக்கு எலுமிச்சைதான் பிடிக்குதுண்டா, எனக்கென்ன. நான் வீட்டுக்கு வந்து சும்மா இருக்கலண்ணே. கடையில போயி லெமன் எசன்ஸு வாங்குனேன், மஞ்சக் கலர் வாங்குனேன், நம்ம பினாயில்லயே போட்டுக் கலக்குனேன். லெமன் பினாயில்! சுருக்கும் இருக்கு, வாசமும் இருக்கு. அவளுக்காகத்தான் செஞ்சேன். போன் போட்டுச் சொன்னேன். "அலோ, அலோ"ண்டு கத்துறேன். அப்புறம், "சரிங்க"ண்டா. அம்புட்டுத்தான். ஒரு சந்தோசம் காட்டக் கூடாது?

ராஜபாளையம் வந்துருச்சா! நிக்கப் போறான் பாருங்க. நீங்க எறங்கி டீ குடிக்கிறதுண்டா குடிங்க. நான் வரலண்ணே. இல்ல, எறங்கி ஏறணும்ல. உக்காந்தே இருக்கேன்.

வந்துட்டீங்களா. வண்டியும் எடுத்துட்டான், நல்லதாப் போச்சு. ஆங், எங்க விட்டேன்? இப்ப ஒரு வாரத்துக்கு முன்னாடி அவளே போன் போட்டா. அவளா போட்டது இதுதான் மொதத் தடவை. "என் சேலையெல்லாம் எடுத்துட்டு வாங்க. பட்டுச்சேலை ரெண்டும் பீரோவுல மேல இருக்கு, அதையும் எடுத்துக்கங்க. நல்லாத் துவைச்சு, ரெண்டு வெயில் காயப்போட்டு எடுத்துட்டு வாங்க. அந்த வாடையோட கொண்டாந்துறாதீங்க"ண்டா. என்ன வாடைண்டு கேக்கல நான். எதுக்குக் கேக்கணும், நல்ல நேரத்துல. பொண்டாட்டி சேலை கேட்டா என்ன அர்த்தம்? கட்டிக்கிட்டுக் கெளம்பப் போறாண்டுதான அர்த்தம்? அதான் பூராத்தையும் துவைச்சு மடிச்சு எடுத்துட்டுப் போறேன். ஒரு சேலைகூட மிச்சம் வைக்கல. பீரோ காலியாயிருச்சுண்ணே. தொறந்தா வெறுங்கம்பியா இருக்கு.

ஏண்ணே அப்புடிப் பாக்கிறீங்க? சேலை கேட்டா வர்றதுக்குத்தான? வேற எதுக்குக் கேப்பா?

...சிவகிரியா இது? ஆமா, சிவகிரிதான். இருங்க, இருங்க, போன் அடிக்குது. அவதான்.

அலோ. ஆங், செண்பகம். வந்துட்டேன். சிவகிரி தாண்டியாச்சு. சேலையா? எல்லாம் இருக்கு. காஞ்சது, நல்லாக் காஞ்சது. என்ன? யாரு? எனக்கா? இல்லையே. இல்லம்மா, மூச்செல்லாம் வாங்கல. பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்து ஏறுனேன், அதான். இப்ப இல்ல, மதுரையில... ஆமா, மதுரையில ஏறுனதுதான். காத்து அடிக்குதும்மா, போன்ல அப்புடித்தான் கேக்கும். சத்தமா? அது பஸ்ஸு சத்தம். பழைய வண்டி. என்னது? அங்கயேவா? அப்ப வில்லாபுரத்து வீட்டை என்ன செய்றது? ...ம். ...ம். அதெல்லாம் நேர்ல பேசுவோம். எந்த டாக்டரு? எனக்கு எதுக்கு... சரி. சரிம்மா. வையி.

பாத்தீங்களா கதையை. நான் கூட்டிட்டுப் போக வாரேன், அவ என்னைய அங்கேயே இருக்கச் சொல்றா. சகலைகிட்டப் பேசி வச்சிருக்காளாம். கமிஷன் கடைக்குப் பின்னாடி ஒரு எடம் இருக்காம். லோடு ஆட்டோவை இங்கிட்டுக் கொண்டாந்துருங்க, நான் செய்றதை நீங்க தென்காசி வரைக்கும் கொண்டுபோயி வித்துக் குடுங்கண்டு சொல்றா. நான்! பினாயில் சோலைமலை பூந்திக்கொட்டைத் தண்ணி விக்கவா? இத்தனை வருசம் கட்டுன தொழிலு, இத்தனை வீடு, எல்லாத்தையும் விட்டுட்டா? வில்லாபுரத்து வீட்டை என்ன செய்றதுண்டு கேட்டா, "ஜன்னலைத் தொறந்து போட்டுட்டு வாங்க"ங்கிறா. இதெல்லாம் ஒரு பேச்சா?

யோசிக்கிறேண்டு சொல்லியிருக்கலாமோ? சட்டுனு வையிண்டுட்டேன். கோவத்துல சொன்ன மாதிரி இருந்துச்சாண்ணே? கோவமெல்லாம் இல்ல. பேச முடியல, அதான் வச்சுட்டேன். இந்தச் சளி பேச விடமாட்டேங்குது.

இன்னொண்ணு சொன்னா. அந்தப் பதிவை நிப்பாட்டிருங்கண்டா. "என் குரலை வச்சு இனிமே அதை விக்காதீங்க. எனக்குக் கேக்கவே பயமா இருக்கு"ண்டா. புளியங்குடியில இருக்கிறவளுக்கு எப்புடிண்ணே அது கேக்கும்? ஆனா அதைச் சொல்லும்போது குரலு நல்லா இருந்துச்சு. பழைய குரலு. கணீர்னு. நான் அதைக் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன், என்ன சொன்னாங்கிறது பாதி காதுல ஏறல.

வாசுதேவநல்லூரு தாண்டிருச்சு. இந்தா, எலுமிச்சைத் தோட்டம் ஆரம்பிச்சுருச்சு பாருங்க ரெண்டு பக்கமும். வெரசா வந்துட்டானே. இப்ப எதுக்கு இவன் இந்த ஓட்டு ஓட்டுறான்? மெதுவாப் போகலாம்ல?

இருங்க... ஒண்ணுமில்ல. கொஞ்சம்... ஆங். முதுகைத் தட்ட வேண்டாம்ணே. தானா நிக்கும். கொஞ்சம் குனிஞ்சு உக்காந்தா நின்னுரும். எப்பவும் நின்னுரும்.

நின்னுருச்சு பாருங்க.

பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்துட்டோம். அந்தா நிக்கிறா. பச்சைச் சேலை. அது மதினி சேலை. வெயிலுக்குக் கையை நெத்தியில வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஜன்னலாப் பாக்கிறா. எப்புடி நிமிந்து நிக்கிறா பாருங்கண்ணே. கல்யாணம் ஆன புதுசுல இப்புடித்தான் நிப்பா.

கண்டக்டர், இருங்க, எறங்குறேன். ஒரு நிமிசம். மூச்சு... ஒரு நிமிசம் இருங்கப்பா. இப்புடி எளைச்சுக்கிட்டு அவ முன்னாடி போயி நிக்கக் கூடாது. கொஞ்சம் அடங்கட்டும்.

அய்யோ, ஏறி வாரா. ஏறிட்டா. பஸ்ஸுக்குள்ளயே தேடி வாரா.

அண்ணே. அவ கண்டிப்பா உங்ககிட்டக் கேப்பா. பக்கத்துல உக்காந்திருக்கிறவருகிட்டக் கேக்காம விடமாட்டா. வழி பூராம் தூங்கிக்கிட்டு வந்தேண்டு சொல்லுங்க. ஒரு தடவைகூட இருமவே இல்லண்டு சொல்லுங்க.

சொல்லுவீங்கள்ல?